பென்சிலம்மாவும் அக்காவின் ஆல்பமும்

கூடத்திலிருந்து 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. அடுப்படியில் தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்த பென்சிலம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. லேப்டாப்பை யாரோ ஓங்கி அறைந்து மூடிய சத்தம் அது.

"இங்க வாடி!"

அக்காவின் குரல். வந்து உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வரும்போதே முகம் சரியில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிய வேகத்தில் ஒன்று சுவரோரமும் மற்றொன்று குப்புறவும் விழுந்திருந்தன. "எதுவும் பேசாதே, முதல்ல உன் லேப்டாப்பைத் திற" என்றவள், தங்கையின் லேப்டாப்பில் தன் ஸ்டுடியோவின் வெப்சைட் பக்கத்தைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் இப்படி அறைந்திருக்கிறாள்.

பென்சிலம்மா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"என்னக்கா?"

"என்னவா? எங்கேடி என் எழுத்தெல்லாம்?"

"எந்த எழுத்து?"

"நடிக்காதே! உங்க மாமா எடுத்த படத்துக்கெல்லாம் கீழே நான் எழுதி வச்சேனே, அது எங்கே? நேத்து சாயங்காலம் முழுக்க உக்காந்து எழுதினேன். அழுது அழுது எழுதினேன். காலையில பார்த்தா ஒரு வரி இல்லை. படம் மட்டும் மொட்டையா நிக்குது."

பென்சிலம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் தொடவே இல்லையேக்கா."

"தொடலையா?" அக்கா லேப்டாப்பை மறுபடி திறந்து திரையின் மேல்மூலையில் விரலை வைத்தாள். "படி. வாயைத் திறந்து படி."

'கடைசியாகத் திருத்தியவர்' என்று போட்டிருந்தது. பக்கத்தில் பென்சிலம்மாவின் சிறிய படம், அசடு வழியச் சிரித்துக்கொண்டிருந்தது.



* * *

அக்காவின் கணவர், மாமா, இறந்துபோய் ஓராண்டாகிறது. பெரிய போட்டோகிராபர் ஒன்றுமில்லை. ஒரு சின்ன ஸ்டுடியோ. பள்ளிக்கூட குரூப் போட்டோ, கல்யாண ஜோடி, அடையாள அட்டைக்கான முகம். அவர் போனதும் அக்கா ஷட்டரை இறக்கியவள்தான். அவள் சாப்பிடுகிறாளா தூங்குகிறாளா என்று போனில் கேட்டுக் கேட்டே பென்சிலம்மா பாதியாகிப் போனாள். ஒருநாள் திடீரென்று அக்காவே கூப்பிட்டு, "கடையைத் திறக்கலாம்னு இருக்கேன். எனக்கும் படம் எடுக்கத் தெரியும். அவர் எடுத்ததை எல்லாம் உன் கம்பெனி வெப்சைட்டுல போட்டுக் கொடுப்பியா?" என்றபோது, இவள் அலுவலகக் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுவிட்டு வந்தாள்.

நாளைக் காலை ஸ்டுடியோ திறப்பு. தெரிந்தவர்களுக்கெல்லாம் அழைப்புப் போயாகிவிட்டது. அழைப்பின் அடியில் அந்தப் பக்கத்தின் முகவரியும் இருந்தது. 'அவர் எடுத்த படங்கள், நான் எழுதிய வரிகள்' என்று அக்காவே சொல்லிப் போடச்சொன்ன வாசகத்துடன்.

"ராத்திரி ஒரே ஒரு தடவை உள்ளே போனேன்க்கா," என்றாள் பென்சிலம்மா மெதுவாக. "மேலே தலைப்பு கொஞ்சம் கோணலா இருந்துச்சு. அதை மட்டும் நேராக்கினேன்."

"பார்த்தியா! போயிருக்கே!"

"படத்துக்குக் கீழே அப்பவே எதுவும் இல்லைக்கா. எழுத வேண்டாம்னு நீயே விட்டுட்டியோன்னு நினைச்சேன்."

"நினைச்சு? சந்தோஷப்பட்டிருப்பியே! சுத்தமா இருக்குன்னு?"

அந்தக் கேள்விதான் அவளைச் சாய்த்தது. ஏனென்றால் அது உண்மை. வெறும் படங்களை வரிசையாகப் பார்த்தபோது 'பளிச்சென்று இருக்கிறதே' என்று ஒரு கணம் அவள் நினைத்திருந்தாள்.

"உனக்குக் கோணல் ஆகாது. சின்ன வயசுலேருந்தே ஆகாது," அக்காவின் குரல் உடைந்தது. "என் ஹேர்கிளிப்பையெல்லாம் கலர் வாரியாப் பிரிச்சு வச்சவதானே நீ! எது எங்கே இருக்குன்னு தெரியாம நான் தலைவிரிகோலமா ஸ்கூல் போகலை? என் எழுத்து ஒண்ணு நீளமா இருக்கும், ஒண்ணு குட்டையா இருக்கும். உன் கண்ணுக்கு அது குப்பை. துடைச்சுட்டே!"

"அக்கா!"

"கடையே திறக்கலை. போ. உன் வாசப்படியையும் இனிமே மிதிக்கலை."

உள்ளறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பென்சிலம்மாவின் கணவர் எட்டிப் பார்த்தார். மருந்துக்கடை வைத்திருக்கிற மனிதர். எந்த வலிக்கு என்ன கொடுக்கலாம் என்று யோசித்தே பேசுவார். இந்த வலிக்கு எதுவும் கைவசம் இல்லாததால் கதவருகிலேயே நின்றார்.

* * *

பென்சிலம்மா என்ற பெயர் அலுவலகம் வைத்தது.

அவள் வேலை செய்வது, கடைக்காரர்களும் டியூஷன் வாத்தியார்களும் தையல்காரிகளும் யார் தயவும் இல்லாமல் தாங்களே வெப்சைட் செய்துகொள்கிற ஒரு கருவியை உருவாக்கும் கம்பெனியில். எழுத்துக்கு ஒரு பெட்டி, படத்துக்கு ஒரு பெட்டி, ஆல்பத்துக்கு ஒன்று, கடை நேரத்துக்கு ஒன்று. வேண்டிய பெட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்து நிரப்ப வேண்டியதுதான். ஆனால் ஒவ்வொரு பெட்டியையும் ஒவ்வொரு குழு, ஒவ்வொரு காலத்தில் செய்திருந்தது. ஒன்றைத் திருத்த இரண்டு முறை தட்ட வேண்டும். ஒன்றுக்கு ஒரே தட்டு. இன்னொன்றுக்கு ஓரத்தில் ஒளிந்திருக்கும் பட்டியலைத் தேட வேண்டும்.

இந்த வேலைக்கு வருமுன் அவள் பெரியவர்களுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். அங்கே அவள் கண்டது ஒன்று உண்டு. ஓரிடத்தில் கற்ற வித்தை அடுத்த இடத்தில் பலிக்காமல் போனால் மனிதர்கள் மெஷினைத் திட்டுவதில்லை. "எனக்கு மூளை மழுங்கிடுச்சு" என்று தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். அதை அவளால் பொறுக்க முடியவில்லை.

அதனால் ஒவ்வொரு குழுவின் மேசைக்கும் நடந்தாள். "உங்க பெட்டியில ஒரு பென்சில் படம் வைங்க. வலது மூலையில. அதைத் தொட்டா திருத்தற பெட்டி திறக்கணும். எல்லாத்துலயும் அப்படியே." சிலர் சிரித்தார்கள். சிலர் அவள் வருவதைப் பார்த்ததும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்கள். ஆல்பம் குழுவின் தலைவர் மட்டும் கடைசிவரை மசியவில்லை. "எங்க ஆல்பம் அழகா இருக்கும்மா, அதும் தலையில பென்சிலைச் சொருகணுமா?" என்றார். அவருக்கு அவள் வைத்த பெயர் ஆல்பக்காரர். அவர் அவளுக்கு வைத்த பெயர்தான் பென்சிலம்மா. கடைசியில் அவரும் இறங்கி வந்தார். எல்லாப் பெட்டியிலும் ஒரே மூலையில் ஒரே பென்சில் வந்த அன்று, அவள் வீட்டுக்கு வந்து கணவரைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். அவர் கையிலிருந்த டம்ளர் உடைந்தது. அதையும் அவளே கூட்டி அள்ளினாள், சிரித்துக்கொண்டே.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. குழு முழுக்க அதைப் பழக்கியிருந்தாள். 'கை பார்ப்பது' என்பார்கள். யாருக்காவது கருவியில் சிக்கல் வந்தால், அவரை அதே வேலையை மறுபடி செய்யச்சொல்லி, பின்னால் உட்கார்ந்து கையைப் பார்க்க வேண்டும். கை ஓயும்வரை பார்ப்பவர் வாயைத் திறக்கக் கூடாது. உதவக் கூடாது, 'ச்' கொட்டக் கூடாது, மூச்சுக்கூட பலமாக விடக் கூடாது.

* * *

"அக்கா, ஒரே ஒரு உதவி," என்றாள் பென்சிலம்மா. "நேத்து எழுதினப்போ என்ன செஞ்சியோ அதையே இப்ப செஞ்சு காட்டு."

"எதுக்கு? இன்னொரு தடவை அழிக்கவா?"

"காட்டுக்கா. அப்புறம் நீ போறதுன்னா போ. நான் தடுக்கலை."

கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "நீங்க உக்காருங்கக்கா. தப்பு இவமேலதான்னா நான் உங்க பக்கம்."

"நீங்க என்னைக்குமே என் பக்கம்தான் மாப்பிள்ளை. இவதான்..." அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்தாள்.

பென்சிலம்மா அக்காவின் தோளுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் அமர்ந்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"முதல்ல இந்த மேல் பகுதி. 'எங்களைப் பற்றி'ன்னு இருக்கே, அதை எழுதினேன்." அக்கா எழுத்துப் பெட்டியின் பென்சிலைத் தொட்டாள். பெட்டி திறந்தது. ஒரு புள்ளி வைத்தாள். மூலையிலிருந்த பெருக்கல் குறியைத் தட்டினாள். பெட்டி மூடியது, புள்ளி பக்கத்தில் இருந்தது. "பார்த்தியா, இது ஒழுங்கா நிக்குது. இதை அழிக்க உனக்கு மனசு வரலை. ஏன்னா இது நீ சொல்லிக்கொடுத்த மாதிரி இருக்கு."

பென்சிலம்மா பேசவில்லை.

"அப்புறம் ஆல்பம். அதே பென்சில். நீ பெருமையாச் சொல்லுவியே, 'ஒண்ணு தெரிஞ்சா எல்லாம் தெரியும்க்கா'ன்னு. அந்தப் பென்சில்." ஆல்பம் திறந்தது. மாமா எடுத்த படங்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றின் கீழும் எழுத இடம். அக்கா முதல் படத்தின் கீழ், 'என் தங்கை ஒரு ராட்சசி' என்று தட்டினாள்.

கணவர் இருமினார். பென்சிலம்மா அதற்கும் பேசவில்லை.

"இப்படித்தான் எல்லாப் படத்துக்கும் எழுதினேன். கடைசிப் படம் வந்தப்போ கண்ணே தெரியலை எனக்கு. கண்ணைத் துடைச்சுக்கிட்டு, இப்படி மூடிட்டு, எழுந்து போயிட்டேன்."

அக்காவின் கை மூலைக்குப் போனது. அதே பெருக்கல் குறி. தட்டினாள். பெட்டி மூடியது.

கை ஓய்ந்தது. பக்கத்தில் முதல் படத்தின் கீழ் ஒன்றுமே இல்லை. ராட்சசியும் போயிருந்தாள்.

"அக்கா," என்றாள் பென்சிலம்மா. "அங்க பாரு."

அக்கா பார்த்தாள். குனிந்து பார்த்தாள். பென்சிலைத் தொட்டு மறுபடி திறந்து பார்த்தாள். "இப்பத்தானே எழுதினேன்! எங்கே போச்சு?"

"எழுத்துப் பெட்டியில பெருக்கலை அழுத்தினா எழுதினதை வச்சுக்கிட்டு மூடும். ஆல்பத்துல பெருக்கலை அழுத்தினா எழுதினதைத் தூக்கிப் போட்டுட்டு மூடும். இதுல கீழே 'பதிவு செய்'னு ஒரு பட்டன் இருக்கு, பாரு. அதை அழுத்தணும்."

"எனக்கு எப்படித் தெரியும்? எழுத்துப் பெட்டியில அந்தப் பட்டனே இல்லையே!"

"தெரியாதுக்கா. யாருக்கும் தெரியாது."

அக்கா திரும்பினாள். "அப்போ உன் மெஷின்தான் முழுங்கியிருக்கு."

"ஆமா."

"அந்த மெஷினைச் செஞ்சது யாரு?"

பென்சிலம்மாவின் கண்ணில் நீர் தளும்பியது. "நான்தான்."

"அப்போ நீதானேடி அழிச்சே!" என்று அக்கா அவள் முதுகில் ஒரு அடி வைத்தாள். பலமான அடிதான். ஆனால் அடித்த கை அங்கேயே தங்கிவிட்டது.

* * *

பென்சிலம்மா ஆல்பக்காரருக்குப் போன் போட்டாள். அவர் எங்கோ கடைத்தெருவில் இருந்தார். பின்னால் குழந்தை பலூனுக்கு அழுதுகொண்டிருந்தது.

"பென்சிலம்மா, லீவு நாள்லகூடவா?"

"மூடும்போது தூக்கிப் போட்ட எழுத்தை எங்கேயாவது பிடிச்சு வைக்கிறோமா?"

"இல்லையே. எங்ககிட்ட வந்தாத்தானே வைக்கிறது? அது அவங்க கம்ப்யூட்டரைத் தாண்டவே தாண்டாது. ஏன், யாருக்குப் போச்சு?"

"எங்க அக்காவுக்கு."

அவர் தள்ளி நடந்தார் போலும், பலூன் அழுகை தூரமானது. பிறகு அவர் தணிந்த குரலில், "கீழே பட்டன் இருக்கேம்மா..." என்றார்.

"இருக்கு. எழுத்துப் பெட்டியில பழகின கை அதைத் தேடாது."

"பென்சில் ஒண்ணா இருக்கணும்னு நீங்கதான் கேட்டீங்க. முன்னாடி எங்க ஆல்பம் வேற மாதிரி இருந்துச்சு. வேற மாதிரி இருக்குன்னு தெரிஞ்சதால ஜனங்க ஜாக்கிரதையா இருந்தாங்க. நீங்க கேட்டதைக் கொடுத்தோம்."

அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஆனாலும் அது சரியாகப் போய்க் குத்தியது. உள்ளே போகிற வழியை எல்லாப் பெட்டியிலும் ஒன்றாக்கிவிட்டு அவள் டம்ளர் உடைய ஆடினாள். வெளியே வருகிற வழியை அவள் திரும்பியே பார்க்கவில்லை. வாசல் ஒன்றாக இருந்ததால்தான் அக்கா நம்பி உள்ளே போனாள்.

"நான் கேட்டது பாதிதான்," என்றாள். "மீதியைத் திங்கட்கிழமை கேட்கிறேன். மூடறதும் எல்லாத்துலயும் ஒண்ணா இருக்கணும். எழுதினது தானா நிக்கணும்."

"வாங்க. உக்காருவோம்." போனை வைக்குமுன், "அக்காகிட்ட... என் சார்பா ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றார் ஆல்பக்காரர்.

அவள் கூடத்துக்கு வந்தபோது அக்கா ஆறிப்போன தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"கிடைக்காதாம்க்கா."

"தெரியும். உன் மூஞ்சியிலேயே எழுதியிருக்கு." டம்ளரைக் கீழே வைத்தாள். "விடு. கடையை இன்னொரு நாள் திறந்துக்கலாம். இன்னொரு வருஷம்."

"மறுபடியும் எழுதலாமே..."

"எப்படிடி? அது ஒரே ஒரு தடவை வந்தது. மழை மாதிரி வந்தது. திரும்ப வா வான்னா வருமா?"

"நீ எழுத வேண்டாம். என்கிட்ட சொல்லு. படத்தைப் பார்த்து, வாயில என்ன வருதோ அதைச் சொல்லு. நான் தட்டறேன்."

"நீ திருத்துவே."

"மாட்டேன்."

"உன் விரல் சும்மா இருக்காது. எனக்குத் தெரியாதா?"

கணவர் இஸ்திரிப்பெட்டியை அணைத்துவிட்டு வந்து நடுவில் உட்கார்ந்தார். "நான் நடுவர். ஒரு எழுத்தை மாத்தினாளோ, விசில் அடிப்பேன்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையோடு சேர்ந்து வந்த சிரிப்பு.

முதல் படம், ஒரு வகுப்பு. எல்லாக் குழந்தைகளும் கேமராவைப் பார்க்க, ஒருத்தி மட்டும் காக்கையைப் பார்த்தாள். "அந்தக் குழந்தையைத் திரும்பச் சொல்லலைங்க அவர்," என்றாள் அக்கா. "அதுக்கு எது பிடிச்சிருக்கோ அதைப் பார்க்கட்டும்னார்." பென்சிலம்மா தட்டினாள். இரண்டாவது, அழுமூஞ்சிக் குழந்தை ஒன்று சிரிக்கும் படம். அதற்கு அக்கா நெடுநேரம் பேசினாள். மாமா நாயைப்போலக் குரைத்ததும், தெருநாய் ஒன்று நிஜமாகவே உள்ளே வந்துவிட்டதும், கேமராவைக் காப்பாற்ற மாமா ஸ்டூல்மேல் ஏறி நின்றதும், குழந்தை அதற்குத்தான் சிரித்ததும். மூன்றாவது படத்துக்கு, "நல்ல வெளிச்சம்" என்று மட்டும் சொன்னாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

பென்சிலம்மாவின் விரல் துடித்தது. ஒன்று இவ்வளவு நீளம், அடுத்தது இரண்டே சொல். நீளமானதை நடுவில் உடைத்தால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஒழுங்காக நிற்கும். மவுஸை மெல்ல நகர்த்தினாள்.

விசில் பறந்தது.

"தொடலைங்க, சும்மா பார்த்தேன்!"

"பார்த்ததுக்கே விசில்," என்றார் கணவர்.

கடைசிப் படம் வந்தது. ஒரு பெண்ணின் சின்ன முகம், அடையாள அட்டைக்காக எடுத்தது. எண்ணெய் வழியும் தலை, பயந்த கண்கள். அக்காவேதான். பல காலத்துக்கு முன் இருந்த அக்கா.

அவள் திரையில் அந்தச் சின்ன முகத்தை விரலால் தொட்டாள். இருவரும் காத்திருந்தார்கள். பென்சிலம்மா மூச்சைக்கூடப் பலமாக விடவில்லை.

"படம் சரியா வரலை, நாளைக்கு வாங்கன்னார்," என்றாள் அக்கா. "போனேன். அன்னைக்கும் சரியா வரலைன்னார். மறுபடியும் போனேன். படம் முதல் நாளே நல்லாத்தான் வந்திருந்துச்சு. அது அவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்." குரல் நின்றது. "நேத்து இதை வேற மாதிரி எழுதியிருந்தேன். பெருசா, என்னென்னவோ. இது... இது பரவாயில்லை. இதுவே இருக்கட்டும்."

பென்சிலம்மா தட்டிக்கொண்டே அழுதாள். திரை கலங்கித் தெரிந்தது. ஓரிடத்தில் ஒரு எழுத்து விட்டுப்போனதை அவளே கவனிக்கவில்லை. கணவர் கவனித்தார், விசில் அடிக்கவில்லை.

எல்லாம் முடிந்து அவள் கை பட்டனுக்குப் போனபோது, "நகரு, நான் அழுத்தறேன்," என்றாள் அக்கா. கீழே இருந்த 'பதிவு செய்' பட்டனை விரலால் ஒருமுறை, சந்தேகத்துக்கு இன்னொருமுறை அழுத்தினாள். பிறகு பெட்டியை மூடினாள். மறுபடி திறந்தாள். மறுபடி மூடினாள். வரிகள் ஒவ்வொரு படத்தின் கீழும், மேடும் பள்ளமுமாக, இருந்த இடத்திலேயே இருந்தன.

"நாளைக்குக் காலையில வந்துடு," என்று எழுந்தாள். "மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வா. அந்த விசிலை வீட்டுல வச்சிட்டு வரச் சொல்லு."

வாசல்வரை மூவரும் நடந்தார்கள். கதவைத் திறந்ததும் அக்கா நின்றாள். அவள் செருப்பு வந்தபோது விழுந்த இடத்திலேயே கிடந்தது. ஒன்று சுவரோரம், இன்னொன்று குப்புற. இந்த வீட்டு வாசலில் எந்த விருந்தாளியின் செருப்பும் இப்படிக் கிடந்து அவள் பார்த்ததில்லை.

"என்னடி, உடம்பு கிடம்பு சரியில்லையா உனக்கு?"

"போக்கா," என்றாள் பென்சிலம்மா.

அக்கா காலாலேயே செருப்பைப் புரட்டி மாட்டிக்கொண்டாள். தங்கையின் கன்னத்தைக் கிள்ளினாள். "நீ உள்ளே போ. நான் சாத்திக்கிறேன்," என்று சொல்லிவிட்டு, வெளியே நின்றபடி கதவை இழுத்துச் சாத்தினாள்.